நிழல் விழுற பேக்யார்ட்ல மவுண்டன் லாரல் வளர்க்கிறது எப்படி

அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் வீடு வாங்கிப் போன நம்மாளுங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது. பின்னாடி முழுக்க ஓக் மரமும் பைன் மரமும், வெயிலே சரியா விழல, புல்லும் வரல ரோஜாவும் வரல, மண்ணை டெஸ்ட் பண்ணா அமிலத்தன்மை ஜாஸ்தின்னு வருது, இந்த எடத்துல என்னதான் வைக்கிறது? என் பதில் எப்பவும் மவுண்டன் லாரல்தான். நீங்க குறைன்னு நெனைக்கிற அந்த நிழலும் புளிச்ச மண்ணும் இந்தச் செடிக்குப் பொறந்த வீடு மாதிரி. மெய்ன் மாநிலத்துல ஆரம்பிச்சு அப்பலாச்சியன் மலை நெடுக வடக்கு ஃபுளோரிடா வரைக்கும் காட்டுல தானா வளருது. வருஷம் முழுக்க இலை பச்சையா பளபளன்னு இருக்கும், பனி கொட்டுற ஜனவரியிலயும். மே கடைசி, ஜூன்ல வெள்ளையும் ரோஸுமா கொத்துக் கொத்தா பூத்துத் தள்ளும். தெற்கால கொஞ்சம் முன்னாடியே பூத்துரும். கனெக்டிகட் 1907லயும் பென்சில்வேனியா 1933லயும் இதைத்தான் தங்களோட மாநிலப் பூவா அறிவிச்சாங்க.

இதோட அறிவியல் பேரு கால்மியா லாட்டிஃபோலியா. 1748ல இங்க வந்து செடி சேகரிச்ச பெஹர் கால்ம்ங்கிற தாவரவியலாளர் நினைவா, செடிகளுக்கு அறிவியல் பேரு வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் வச்ச பேரு. நர்சரிக்குப் போனா இந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா லாரல்னு பொதுவா கேட்டா செர்ரி லாரலை எடுத்துக் குடுத்துருவாங்க, அது வேற செடி. டெக்ஸாஸ்ல இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அங்க டெக்ஸாஸ் மவுண்டன் லாரல்னு ஊதாப் பூ பூக்குற ஒண்ணு இருக்கு, அது சுண்ணாம்பு மண்ணுல வளர்ற வேற குடும்பத்துச் செடி. இந்தக் கட்டுரையில சொல்ற எதுவும் அதுக்குப் பொருந்தாது.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காம யாரும் செடி வாங்காதீங்க. இலை, பூ, தேன், தண்டு எல்லாமே விஷம். கிரயனோடாக்சின்னு ஒரு பொருள் இருக்கு, ஆடு மாடு குதிரை நாய் எது தின்னாலும் வாந்தி, எச்சில் ஒழுகுறது, நாடித்துடிப்பு இறங்குறதுன்னு கஷ்டப்படும், நிறைய தின்னா உயிருக்கே ஆபத்து. லாரல்னு பேரு இருக்கேன்னு பிரியாணிக்குப் போடுற இலைன்னு நெனச்சு யாராவது பறிச்சுரப் போறாங்க, பார்க்கவும் தடிச்ச பச்சை இலையாத்தான் இருக்கும். வீட்ல பெரியவங்க ஊர்ல இருந்து வந்திருந்தா இதை மறக்காம சொல்லி வைங்க. கையில கெடைச்சதை வாயில வைக்கிற வயசுல கொழந்தை இருந்தாலோ, எல்லாத்தையும் மெல்லுற நாய்க்குட்டி இருந்தாலோ, ரெண்டு மூணு வருஷம் பொறுத்து வைக்கலாம்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். இந்தச் செடியைப் பத்தி ஒரே ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வந்துரும். அது இதோட வேர். ஆழமா எறங்குற ஆணிவேர் கெடையாது, தலைமுடி மாதிரி மெல்லிசான சல்லி வேருங்க, மண்ணோட மேல்பரப்புல சில இன்ச்சுக்குள்ளயே பாய் விரிச்ச மாதிரி பரவிக் கெடக்கும். அந்த வேருக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும், தண்ணி தேங்கினா அழுகிரும், காய விட்டா கருகிரும், மண்வெட்டி பட்டா அறுந்துரும், உரம் அதிகமா போச்சுன்னா வெந்துரும். மவுண்டன் லாரல் செத்துப்போச்சுன்னு சொல்றவங்க கிட்ட விசாரிச்சுப் பாருங்க, பெரும்பாலும் இந்த வேரு கிட்டதான் ஏதோ நடந்திருக்கும்.

மொதல் வேலை, மண்ணு டெஸ்ட்

மண்ணு எவ்வளவு அமிலம்னு சொல்ற அளவுதான் பிஹெச், எண்ணு கொறையக் கொறைய அமிலம் ஜாஸ்தி. இந்தச் செடிக்கு அது 4.5ல இருந்து 5.5க்குள்ள இருக்கணும். கடையில விக்கிற குச்சி மீட்டரை நம்பாதீங்க, உங்க மாநிலப் பல்கலைக்கழகத்தோட எக்ஸ்டென்ஷன் (வேளாண் விரிவாக்க) லேப்ல, அதாவது ரட்கர்ஸ், பென் ஸ்டேட், யூகான் மாதிரி எடங்கள்ல, குறைஞ்ச கட்டணத்துல டெஸ்ட் பண்ணித் தருவாங்க. செடி வைக்கப் போற எடத்துல அஞ்சாறு பக்கம் மேல் ஆறு இன்ச் மண்ணை எடுத்து கலந்து அனுப்புங்க, என்ன செடி வைக்கப் போறீங்கன்னு ஃபார்ம்ல எழுதிட்டா அதுக்கேத்த மாதிரி ஆலோசனையும் வரும்.

இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியுறதில்ல. கிழக்குப் பக்க மண்ணு இயற்கையாவே அமிலம்தான், ஆனா புல்லுக்காக வருஷா வருஷம் சுண்ணாம்பு தூவியிருப்பாங்க, உங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவங்க என்ன தூவினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், அதனாலதான் டெஸ்ட். புல்லு வெட்ட ஆள் வச்சிருந்தீங்கன்னா இந்தப் பக்கம் சுண்ணாம்பும் களைக்கொல்லி கலந்த புல்லு உரமும் போடாதீங்கன்னு தெளிவா சொல்லிருங்க. ஃபயர்பிளேஸ் சாம்பல், முட்டை ஓடு ரெண்டையும் இந்தச் செடி பக்கமே கொண்டு போகாதீங்க, ரெண்டுமே காரத்தன்மையைக் கூட்டுறது. காபித்தூள் சக்கை போட்டா மண்ணு அமிலமாகும்னு ஒரு பேச்சு இருக்கு, டிகாக்‌ஷன் எறக்கின பிறகு அதுல அமிலம் பெருசா மிஞ்சாது, மட்குன்னு நெனச்சு கொஞ்சம் போட்டுக்கலாம், பிஹெச் எறங்கும்னு நம்பிப் போடாதீங்க. வினிகர் ஊத்துறது அதைவிட மோசம், ரெண்டு நாளைக்கு எறங்கி மறுபடி ஏறிரும், நடுவுல வேருக்குத்தான் அடி.

பிஹெச் 6, 6.5ன்னு வந்தா தூள் கந்தகம் போடணும். தோராயமா 100 சதுர அடிக்கு, ஒரு பாயின்ட் எறக்க, மணல் கலந்த மண்ணுன்னா ஒரு பவுண்டு, களிமண்ணுன்னா அதைப்போல ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ ஆகும், சரியான அளவு லேப் ரிப்போர்ட்லயே இருக்கும். கந்தகம் போட்ட மறுநாளே வேலை செய்யாது, மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதைத் தின்னு அமிலமா மாத்தணும், அதுக்குச் சூடும் மாசக்கணக்குல நேரமும் வேணும். அதனால இந்த வருஷம் மண்ணைத் தயார் பண்ணி அடுத்த சீசன்ல நடுறதுதான் புத்திசாலித்தனம். அலுமினியம் சல்ஃபேட்டும் விப்பாங்க, சீக்கிரம் வேலை செய்யும், ஆனா அலுமினியம் சேரச் சேர இந்த வகைச் செடிங்க வேருக்கு ஆகாது, வேண்டாம். பிஹெச் 7, 7.5ன்னு வந்துச்சுன்னா மண்ணோட மல்லுக்கட்டாம அந்த எடத்துல வேற செடி வைங்க.

எடம் பார்க்கிறது

நிழல்ல வளரும்னு சொன்னா உடனே இருட்டு மூலையில கொண்டு போய் வச்சிருவாங்க. வளரும்தான், ஆனா பூக்காது, இலையில புள்ளி விழும், கிளை ஒல்லியா நீண்டு ஒட்டடைக்குச்சியா நிக்கும். வேண்டியது உயரமான மரத்து இலை வழியா சல்லடை போட்ட மாதிரி விழுற வெளிச்சம், இல்லன்னா காலை வெயிலும் மத்தியானத்துக்கு மேல நிழலும். வடக்கு மாநிலங்கள்ல முழு வெயில்லயும் தாக்குப் பிடிக்கும், ஈரம் மட்டும் குறையக்கூடாது, வெயில் ஏற ஏற லேஸ் பக்ங்கிற பூச்சித் தொல்லையும் ஏறும்.

தண்ணி வடியுதான்னு பாக்க ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி ஊத்தி வடிய விடுங்க, மறுபடி நிரப்பி மணி பாருங்க, ஒரு மணி நேரத்துல ஒரு இன்ச்சாவது எறங்கணும். எறங்கலன்னா அந்த எடத்துல குழி தோண்டி நடாதீங்க, மேல மண்ணு கொட்டி மேடை கட்டித்தான் நடணும்.

சுவரை ஒட்டி வைக்காதீங்க, கான்கிரீட் ஃபவுண்டேஷன்ல இருந்து சுண்ணாம்பு மழையில கரைஞ்சு மண்ணுல எறங்கிட்டே இருக்கும். பிளாக் வால்நட் மரம் பக்கமும் வேணாம், அந்த மரத்தோட வேரு விடுற பொருள் இதுக்கு ஆகாது. குளிர்காலத்துல வடமேற்குக் காத்து நேரா அடிக்கிற திறந்த வெளியும் வேணாம், மண்ணு ஒறஞ்சு தண்ணி எடுக்க முடியாத நேரத்துல காத்து இலையைக் காய வச்சிரும்.

செடி வாங்கும்போது

காட்டுல போய் தோண்டி எடுத்துட்டு வந்தா என்னன்னு கேக்குறவங்களுக்கு, ஸ்டேட் பார்க்லயும் ஸ்டேட் ஃபாரஸ்ட்லயும் செடி தோண்டுறது சட்டப்படி தப்பு, அது போக தோண்டின செடி அந்தப் பாய் மாதிரி வேரைப் பாதிக்கு மேல அங்கேயே விட்டுட்டுத்தான் வரும், பிழைக்கிறது அபூர்வம். நர்சரியில வாங்குங்க.

காட்டுச் செடி அஞ்சுல இருந்து பதினஞ்சு அடி வரைக்கும் போகும், ஆனா மெதுவா, அவசரக்காரங்களுக்கான செடி இல்ல இது. எடம் கம்மின்னா குட்டை ரகம் எல்ஃப் இருக்கு, மினுவெட் இருக்கு, ரெண்டும் பத்து வருஷத்துல மூணடி கிட்டதான் வரும். மொட்டு நல்ல செவப்பா வேணும்னா ஒலிம்பிக் ஃபயர் இல்ல சாரா, பூவுக்குள்ள கருஞ்செவப்பு வளையம் வேணும்னா கேரசல், புல்ஸ்ஐ. இந்த ரகங்கள்ல பலதும் கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இருந்த ரிச்சர்ட் ஜேய்ன்ஸ் பல வருஷம் கலப்பினம் செஞ்சு உருவாக்கினது. குச்சி வெட்டி வச்சா வேர் விடுறது ரொம்பக் கஷ்டமான செடி இது, திசு வளர்ப்பு வந்த பிறகுதான் இந்த ரகமெல்லாம் சாதாரண நர்சரிக்கே வந்துச்சு. தேனீங்களுக்கும் உள்ளூர் மண்ணுக்கும்னு வைக்கிறவங்க காட்டு ரகத்தையே வைங்க, என் ஓட்டு அதுக்குத்தான், வெளுத்த ரோஸ் நிறத்துல அது பூக்குற அழகுக்கு எந்த ரகமும் ஈடு இல்ல.

ரெண்டு இல்ல மூணு காலன் தொட்டியில இருக்கிற செடி எடுங்க. ரொம்பப் பெருசு எடுத்தா புது மண்ணுல வேர் புடிக்க நாளாகும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, கருப்புப் புள்ளி புள்ளியா அழுக்கு ஒட்டியிருந்தா லேஸ் பக். கிளை நுனியில மொட்டுக் கொத்து இருக்கான்னும் பாருங்க.

நடுறது

ஏப்ரல், மே நல்ல நேரம். இல்லன்னா செப்டம்பர்ல இருந்து அக்டோபர் நடு வரைக்கும், மண்ணு ஒறையுறதுக்கு ஆறு வாரமாவது முன்னாடி. நியூ இங்கிலாந்து மாதிரி குளிர் ஜாஸ்தியான எடத்துல வசந்தத்துலயே நட்டுருங்க.

குழி அகலமா இருக்கணும், ஆழமா இருக்கக்கூடாது. வேர்க்கட்டி, அதாவது தொட்டிக்குள்ள வேரும் மண்ணும் சேர்ந்த கட்டி, எவ்வளவு உயரமோ அதைவிட ஒண்ணு ரெண்டு இன்ச் கம்மியா ஆழம், அகலம் மூணு மடங்கு. தோண்டின மண்ணுல மூணுல ஒரு பங்கு மட்குன ஓக் இலையோ பைன் பட்டைத்தூளோ கலந்துக்கோங்க, குழிக்குள்ள மட்டும் இல்லாம சுத்துப்பட்டு முழுக்கக் கலக்க முடிஞ்சா இன்னும் நல்லது, வேரு பக்கவாட்டுல போற செடி இல்லையா.

இப்ப தொட்டியைக் கவுத்து செடியை வெளிய எடுங்க. இந்த எடத்துல நிதானமா நில்லுங்க, கட்டுரையிலயே முக்கியமான எடம் இதுதான். வேர்க்கட்டி பழுப்பு நிறத்துல பூட்ஸ் பாலிஷ் துணியைச் சுருட்டின மாதிரி நெருக்கமா, தொட்டி வடிவத்துலயே கெட்டியா நிக்கும். இதை அப்படியே குழிக்குள்ள எறக்கினா வேரு அந்தக் கட்டியை விட்டு வெளிய வராது, ரெண்டு வருஷம் கழிச்சு புடுங்கிப் பாத்தாலும் தொட்டி வடிவம் அப்படியே இருக்கும், செடி மட்டும் செத்திருக்கும். நர்சரிக் கலவை பெரும்பாலும் பீட், அதாவது சதுப்பு நிலத்துல மட்கின பாசிதான், அது ஒரு தடவ முழுசா காய்ஞ்சா மேல ஊத்துற தண்ணி உள்ள போகாம பக்கத்து மண்ணுக்கு ஓடிரும். அதனால ஒரு பக்கெட் தண்ணியில வேர்க்கட்டியை குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் முக்கி வைங்க, அப்புறம் கூரான கத்தியால மேல இருந்து கீழ வரைக்கும் நாலு பக்கமும் ஒரு இன்ச் ஆழத்துக்குக் கீறி விடுங்க, அடியில பின்னிக் கெடக்குறதை வெட்டி எடுத்துருங்க, ஓரத்து வேரை விரலால கோதி வெளியே இழுத்து விடுங்க. மனசு கேக்காதுதான், அறுக்கிற சத்தமே ஒரு மாதிரி இருக்கும், ஆனா அறுத்த எடத்துல இருந்துதான் புது வேர் கெளம்பும்.

குழியில வச்சதும் வேர்க்கட்டி மேல்பக்கம் சுத்துத் தரையை விட ஒண்ணு ரெண்டு இன்ச் உசரமா நிக்கணும். மண்ணைத் தள்ளி லேசா கையால அமுக்குங்க, கால் வச்சு மிதிக்காதீங்க. ஓரத்துல சரிவா மண்ணு ஏத்துங்க, வேர்க்கட்டி தலைமேல மண்ணு போடாதீங்க, அங்க மூடாக்கு (மல்ச்) மட்டும் போதும். ஒரு தடவ நல்லா நனைய நனைய தண்ணி. குழியில உரம் ஒண்ணும் வேண்டாம்.

மூடாக்குக்கு பைன் பட்டை, பைன் ஊசி இலை, நறுக்கின ஓக் இலை எது கெடைச்சாலும் ரெண்டு மூணு இன்ச். தண்டை ஒட்டி குவிக்காம ஒரு கையளவு தள்ளிப் போடுங்க. அக்டோபர்ல எல்லாரும் ஓக் இலையைப் பை பையாக் கட்டி ரோட்டுல வைப்பாங்க பாருங்க, அது இந்தச் செடிக்கு வருஷத்துச் சாப்பாடு, வாங்கிட்டு வந்து போடுங்க. செடியைச் சுத்திக் களை கொத்தாதீங்க, கொத்து பட்டா மேல இருக்கிற வேரு போயிரும், களையைக் கையால பிடுங்குங்க, மூடாக்கு ஒழுங்கா இருந்தா களையும் பெருசா வராது.

தண்ணி, உரம்

மொதல் ரெண்டு வருஷம் மழையும் சேத்து வாரத்துக்கு ஒரு இன்ச் தண்ணி கெடைக்கணும். கணக்கை விட விரல்தான் நம்பகம், மூடாக்கை வெலக்கி வேர்க்கட்டிக்குள்ளயே விரலை விடுங்க, பக்கத்து மண்ணுல இல்ல, அது ஈரமா இருந்தும் கட்டி காய்ஞ்சு கெடக்கலாம். ஈரம் தட்டுப்பட்டா விட்டுருங்க. தண்ணி ஊத்தியும் செடி வாடிக்கிட்டே போகுது, மண்ணும் சொதசொதன்னு இருக்குன்னா அது தாகம் இல்ல, வேர் அழுகல், இன்னும் ஊத்தினா முடிஞ்சுது. குழாய்த் தண்ணி கடினமா இருக்கிற ஊர்ல மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துறது நல்லது, கடின தண்ணி வருஷக்கணக்குல பிஹெச்சை ஏத்திவிடும். நவம்பர்ல மண்ணு ஒறையுறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா ஊத்திட்டு விட்டுருங்க.

உரம் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. ஓக் இலை மட்கிக்கிட்டு இருந்தா உரமே தேவைப்படாது. வளர்ச்சி ரொம்ப மந்தமா இருந்தா வசந்தத்துல அசேலியா, ரோடோடெண்ட்ரான் செடிக்குன்னு விக்கிற உரத்தைப் பாக்கெட்ல போட்டிருக்கிறதுல பாதி அளவு போடுங்க. ஜூன் தாண்டிப் போடாதீங்க, எளந்தளிர் விட்டு பனியில மாட்டிக்கும்.

பூ வந்த பிறகு

மொதல் பூ வரும்போது ஒரு வேலை பண்ணுங்க, கொழந்தைங்களையும் கூப்பிட்டுக்கோங்க, தொட்டுப் பாக்குறதுல தப்பில்ல, வாயில வைக்காம அப்புறம் கையைக் கழுவிட்டா போதும். அப்பத்தான் விரிஞ்ச ஒரு பூவைக் கிட்டப் பாருங்க. சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், உள்ள பத்து மகரந்தத் தாள், ஒவ்வொண்ணோட தலையும் இதழ்ல இருக்கிற ஒரு குட்டிப் பைக்குள்ள சொருகி வில்லா வளைஞ்சு நிக்கும். புல்லு நுனியால ஒரு தாளை லேசா தட்டி விடுங்க, படக்குன்னு விடுபட்டு நடுவால பாயும், மகரந்தம் தெறிக்கும். பம்பிள்பீ வந்து உக்காரும்போது அதோட மேல இப்படித்தான் மகரந்தம் அடிக்கும். நாள் முழுக்கப் பார்த்துட்டு இருக்கலாம்.

பூ வாடினதும் அந்தக் கொத்தை ஒடிச்சு எடுத்துருங்க, விட்டா விதைக்காயா மாறி செடியோட தெம்பையெல்லாம் இழுத்துக்கும், அடுத்த வருஷப் பூ கொறஞ்சு போகும். கொத்துக்கு நேர் கீழயே புதுத் தளிர் கெளம்பியிருக்கும், அதுலதான் அடுத்த வருஷ மொட்டு, அதைச் சேத்து ஒடிச்சுராதீங்க. கிளை வெட்டணும்னாலும் பூ முடிஞ்ச உடனே வெட்டிருங்க, ஆகஸ்ட்ல வெட்டினா மொட்டையும் சேத்து வெட்டுறீங்க. பெரிய செடியில எல்லாக் கொத்தையும் ஒடிக்க முடியாது, கைக்கு எட்டுறது வரைக்கும் போதும். ஒரு வருஷம் கொட்டிப் பூத்து அடுத்த வருஷம் கம்மியா பூக்குறது இதுக்கு வழக்கம்தான், பயப்படாதீங்க.

இலை சொல்ற சேதி

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா பிஹெச் ஏறியிருக்கு, மண்ணுல இரும்பு இருந்தும் செடியால எடுக்க முடியல, மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. உள்பக்கம் இருக்கிற பழைய இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தா அது இயற்கை, எப்பவும் பச்சையா இருக்கிற செடின்னாலும் ஒரு இலை நெறைய வருஷம் தங்காது. ஊதா கலந்த பழுப்புப் புள்ளின்னா பூஞ்சை, உதிர்ந்த இலையைப் பொறுக்கி எடுங்க, நெருக்கமா இருந்தா கிளையைக் கொஞ்சம் கொறச்சு காத்து போக விடுங்க, மேல இருந்து தண்ணி தெளிக்காதீங்க. இலை ஓரம் கடிச்சு கடிச்சு வெட்டின மாதிரி இருந்தா வைன் வீவில்னு ஒரு வண்டு ராத்திரி வந்து தின்னுது, இலை போறதை விட அதோட புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னுறதுதான் ஆபத்து, அதைக் கண்டா எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல கேட்டு சீக்கிரம் வைத்தியம் பாருங்க. குளிர்காலம் முடிஞ்சு இலை ஓரம் கருகியிருந்தா உடனே கத்திரி எடுக்காதீங்க, ஜூன் வரைக்கும் பொறுங்க, கருகின கிளையும் பல நேரம் துளிர்க்கும். விஷச் செடிதானே, மான் தொடாதுன்னு நெனைக்க வேண்டாம், குளிர்காலப் பசியில மேயும், மான் நடமாட்டம் இருக்கிற எடத்துல சின்னச் செடிக்கு நவம்பர்ல இருந்து வலை கட்டிருங்க.

பக்கத்துல வைக்க இதே மண்ணு கேக்குற செடிங்களா பாருங்க, ஃபோம்ஃப்ளவர், வின்டர்கிரீன் ரெண்டும் கீழ தரையோட பரவும், கிறிஸ்துமஸ் ஃபெர்ன் கொத்தா நிக்கும், வெளிச்சம் கொஞ்சம் கூடுதலா விழுற ஓரத்துல ஹைபுஷ் புளூபெர்ரி வைக்கலாம், அதுக்கும் இதே பிஹெச்தான். வாங்குறதுக்கு முன்னாடி வளர்ந்த செடி எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஜூன்ல கனெக்டிகட்ல யூனியன் ஊர் பக்கம் நிப்மக் ஸ்டேட் ஃபாரஸ்ட்ல இருக்கிற லாரல் சரணாலயத்துக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க, காரை விட்டு எறங்கினாலே ரெண்டு பக்கமும் பூதான். பென்சில்வேனியாவுல வெல்ஸ்பரோவுல ஜூன் மாசம் இதுக்குன்னே விழா நடக்குது.

இன்னொண்ணு, வாங்கின வீட்லயே பழைய செடி உசரமா வளர்ந்து அடியில மொட்டையா, மேல மட்டும் நாலு இலையோட நிக்குதுன்னா அதைப் புடுங்கிப் போட்டுராதீங்க. அடித்தண்டுல மண்ணு மட்டத்துல ஒரு முண்டு இருக்கும், காட்டுத்தீ வந்து எரிச்சாலும் இந்தச் செடி அதுல இருந்துதான் மறுபடி முளைக்கும். குளிர் முடியுற நேரத்துல, துளிர் வர்றதுக்கு முன்னாடி, தரையில இருந்து அரை அடி விட்டு வெட்டிருங்க, பயமா இருந்தா வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கா மூணு வருஷத்துல வெட்டுங்க. வெட்டின வருஷம் மூடாக்கும் தண்ணியும் கொறையாம பாத்துக்கோங்க, தளிர் அடியில இருந்து புதர் கட்டி வரும், பூவுக்கு மட்டும் சில வருஷம் காத்திருக்கணும்.